பேரனுக்கு இலவசம், தாத்தாவுக்கு பில்

வாசகர் கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். வரும் ஜூனில் நானும் மனைவியும் அங்கே போகிறோம். போனதும் எல்லோரையும் ஓர்லாண்டோவுக்குக் கூட்டிப்போய் டிஸ்னி வேர்ல்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் 5 ராத்திரி தங்க வைக்கப் போகிறானாம். நாங்கள் இரண்டு பேர், மகன், மருமகள், 7 வயதுப் பேரன், 2 வயது முடியாத பேத்தி. ஓட்டல் அறையோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம் இருக்கிறது, கட்டிவிட்டால் கவலையில்லை என்கிறான். எனக்குச் சர்க்கரை. மனைவி சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டாள். எங்கள் வீட்டில் யாருக்கும் குடிப் பழக்கம் இல்லை. தொகையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. வேண்டாம் என்றால் மகன் முகம் வாடுகிறது. எடுப்பதா, விடுவதா?

பதில்:

அன்புள்ள மாஷுக்கு (எங்கள் பக்கம் வாத்தியாரை இப்படித்தான் கூப்பிடுவோம்), வணக்கம்.

உங்கள் குடும்பத்துக்கு அந்தத் திட்டம் வேண்டாம். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் கணக்கு மாஷா, தமிழ் மாஷா என்று கடிதத்தில் எழுதவில்லை. கணக்கு மாஷ் என்றால், கீழே நான் போட்டிருக்கும் கணக்கை என்னைவிட நன்றாகவே மகனுக்கு விளக்கிவிடுவீர்கள்.

ஆனால் மகன் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுக் கணக்கை மட்டும் பேசினால் அவர் முகம் வாடத்தான் செய்யும். பாலக்காட்டில் டிராவல் ஆபீஸ் வைத்து, பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற பெற்றோருக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். திரும்பி வந்தவர்கள் சொல்கிற கதையில் பெரும்பாலும் ஒரு காட்சி தப்பாமல் வரும். பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கவுண்டர். மேலே விலைப் பலகை. அப்பா தலையைத் தூக்கிப் பார்க்கிறார், உதடு மெல்ல அசைகிறது, டாலரை ரூபாயாக மாற்றிக் கொண்டிருக்கிறார். ஒரு தட்டுச் சோறும் நாலு துண்டு காய்கறியும் 1,300 ரூபாய்க்கு மேல் வருகிறது. 'எனக்குப் பசியில்லைப்பா, நீங்க சாப்பிடுங்க' என்கிறார். அம்மா அதற்கும் மேலே போய், பேரன் மிச்சம் வைத்த உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். ஜூன் மாத ஓர்லாண்டோ வெயிலில், காலையிலிருந்து மைல் கணக்கில் நடந்த பிறகு! சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இப்படி வெறும் வயிற்றோடு நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகன் இதற்குத்தான் பயப்படுகிறார் என்பது என் ஊகம். பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டால் அப்பா பலகையைப் பார்க்கமாட்டார், நிம்மதியாகச் சாப்பிடுவார் என்பது அவர் எண்ணம். எண்ணம் சரி. அதற்கு அந்தத் திட்டம்தான் வழியா என்பதுதான் கேள்வி. இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் திட்டம் என்ன என்று பார்த்துவிடுவோம். பல வருடமாக இருந்த திட்டம்தான் இது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூங்காவை மூடியபோது நின்றுபோய், 2024 ஜனவரி 9 முதல் திரும்ப வந்திருக்கிறது. டிஸ்னியின் சொந்த ஓட்டலில் பேக்கேஜாகப் பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். இரண்டு வகை உண்டு. ஒன்று குவிக் சர்வீஸ் திட்டம்: ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இரண்டு கவுண்டர் சாப்பாடு, ஒரு ஸ்நாக்ஸ். இன்னொன்று உட்கார வைத்துப் பரிமாறும் திட்டம்: ஒரு மேஜைச் சாப்பாடு, ஒரு கவுண்டர் சாப்பாடு, ஒரு ஸ்நாக்ஸ். இரண்டிலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளை தருவார்கள். அதில் ஓட்டலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கோலாவோ காபியோ பிடித்துக் கொள்ளலாம். பூங்காவுக்குள் அந்தக் குவளை செல்லாது. சர்க்கரைக்காரரான உங்களுக்கு அது அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகும்.

2024-ல் திரும்பக் கொண்டுவந்தபோது வைத்த விலை, பெரியவர்களுக்கு ராத்திரிக்குக் குவிக் சர்வீஸ் 57.01 டாலர், மேஜைத் திட்டம் 94.28 டாலர். அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, இன்றைய விலை மகன் பதிவு செய்யும் திரையிலேயே தெரியும். நான் பழைய விலையை வைத்தே கணக்குப் போடுகிறேன். அதிலேயே கட்டுப்படி ஆகவில்லை என்றால் புதிய விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம் பாருங்கள்.

இனி, 2026-க்கு ஒரு சலுகை விட்டிருக்கிறார்கள். அறை, டிக்கெட், சாப்பாட்டுத் திட்டம் மூன்றையும் தள்ளுபடி இல்லாத விலையில் சேர்த்து வாங்கினால் 3 முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுத் திட்டம் இலவசம். உங்கள் பேரன் அதில் வருகிறான். பேத்திக்கு 3 வயது ஆகவில்லை, அவள் கணக்கிலேயே இல்லை, உங்கள் தட்டிலிருந்து ஊட்டிக் கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மகனை இழுத்ததும் இந்த 'இலவசம்' ஆகத்தான் இருக்கும். ஆனால் ஒரே பதிவில் இருக்கும் 3 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அதே திட்டத்தை எடுத்தாக வேண்டும் என்பது விதி. பேரனுக்கு மட்டும், மகனுக்கு மட்டும் என்று பிரித்து எடுக்க முடியாது. நாள் முழுக்க இரண்டு இட்லி அளவு சாப்பிடுகிற உங்கள் வீட்டம்மாவுக்கும், வாட்டசாட்டமான இளைஞனுக்கும் ஒரே விலை. பிள்ளைக்கு விட்டுக் கொடுத்ததைத் தாத்தா பாட்டி தலையில் பிடித்துக் கொள்கிறார்கள்.

சரி, கணக்கு. பெரியவர்கள் 4 பேர், 5 ராத்திரி, குவிக் சர்வீஸ் என்றால் 1,140 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கும் மேலே. மேஜைத் திட்டம் என்றால் 1,886 டாலர், அதாவது கிட்டத்தட்ட 1 லட்சத்து 70 ஆயிரம்.

இப்போது நீங்கள் உண்மையில் என்ன சாப்பிடுவீர்கள்? பூங்கா கவுண்டரில் ஒரு பெரிய தட்டு சுமாராக 12 முதல் 17 டாலர் வரை. குழந்தைத் தட்டு 8 டாலர் பக்கம். மகனும் மருமகளும் ஆளுக்கு இரண்டு சாப்பாடு, ஒரு காபியோ ஸ்நாக்ஸோ என்று வைத்தால் ஒருவருக்கு வரியோடு 38 டாலர் சொல்லலாம். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் மத்தியானம் ஒரு தட்டு வாங்கி நடுவில் வைத்துச் சாப்பிடுவீர்கள், ராத்திரி ஆளுக்கொன்று, இடையில் ஒரு காபி. இரண்டு பேருக்கும் சேர்த்து 51 டாலர். பேரனுக்கு இரண்டு குழந்தைத் தட்டும் ஒரு ஐஸ்கிரீமும் 24 டாலர் போல. ஆக ஒரு நாளைக்கு 150 டாலர் சொச்சம். 5 ராத்திரி என்றால் 6 பகல், வந்த நாள், கிளம்பும் நாள் இரண்டையும் முழு நாளாகவே வைத்தாலும் 900 டாலர் பக்கம்தான் வருகிறது. காலைப் பலகாரம் அறையிலேயே முடிந்துவிடும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது, அதற்கும் வழி சொல்கிறேன்.

அதாவது பேரனுக்கு இலவசம் என்று ஆன பிறகும் குவிக் சர்வீஸ் திட்டத்தில் 240 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். இதில் நான் யாரையும் பட்டினி போடவில்லை.

நடுவில் ஒரு தட்டு என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் தட்டு பெரியது. நம் வயதானவர்கள் இரண்டு பேர் ஒரு தட்டில் தாராளமாக முடித்துக் கொள்ளலாம். திட்டம் எடுத்துவிட்டால் ஆளுக்கொரு தட்டு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, பகிர்ந்து சாப்பிடுவதில் மிச்சமாகும் காசு கைக்கு வராது. மெஸ் டோக்கன் மாதிரிதான் இதுவும். மாதம் முழுதுக்கும் எடுத்தாகிவிட்டது, நடுவில் நாலு நாள் ஊருக்குப் போனால் போனதுதான். இங்கே ஊருக்குப் போகாமலே, வெயிலில் வாய்க்கு எதுவும் பிடிக்காமல் போயே டோக்கன் வீணாகும். ஓட்டலைக் காலி செய்யும் நாள் நடுராத்திரியோடு மிச்சமிருக்கும் சாப்பாட்டுக் கணக்கெல்லாம் செத்துப்போகும். பணம் திரும்ப வராது.

அந்தக் கடைசி நாள் எப்படி இருக்கும் தெரியுமா? ஓட்டல் கடையில் திட்டம் எடுத்த குடும்பங்கள் மிச்ச ஸ்நாக்ஸ் கணக்கைத் தீர்க்க வரிசையில் நிற்கும். சாக்லெட் முக்கிய பிஸ்கெட், பாப்கார்ன், பொரி உருண்டை மாதிரி ஒரு மிட்டாய், எது கையில் கிடைத்தாலும் கூடையில் விழும். யாருக்கும் அது வேண்டும் என்று இல்லை. கட்டின காசு வீணாகக் கூடாதே. அதையெல்லாம் பெட்டியில் திணித்து எங்கள் ஆபீஸுக்கே ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. நாங்கள் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டோம், அது வேறு விஷயம்.

முன்பணம் வாங்கி விற்கிறவனுக்கு லாபம் இந்த மிச்சத்தில்தான். எல்லோரும் ஒரு டோக்கன்கூட விடாமல், ஒவ்வொரு தடவையும் இருப்பதிலேயே விலை உயர்ந்த தட்டாகப் பார்த்து வாங்கினால் திட்டம் வாங்குகிறவனுக்கு லாபம். அப்படி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் மாமிசமும் மதுவும் எடுப்பவர்கள். 21 வயது ஆனவர்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு பீரோ காக்டெய்லோ திட்டத்திலேயே அடக்கம். அங்கே ஒரு காக்டெய்ல் ஒரு தட்டுச் சாப்பாட்டு விலைக்கு வரும். தினம் இரண்டு என்று போட்டால் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். கேரளம் முழுக்கக் கள்ளு அனுப்புகிற சித்தூர் தாலுக்காவிலிருந்து போகிற நீங்கள் ஒரு சொட்டுத் தொடமாட்டோம் என்கிறீர்கள். உங்களுக்கு அந்த இடத்தில் எலுமிச்சைச் சாறுதான். ஆகவே குடிக்காத குடும்பம், குடிக்கிற குடும்பத்தின் விலையைக் கொடுக்கிறது.

அடுத்தது உங்கள் வீட்டம்மாவின் சாப்பாடு. சைவத்துக்கு முன்பு போலக் கஷ்டம் இல்லை. 2019-லிருந்து டிஸ்னி உணவுப் பட்டியல்களில் பச்சை இலைக் குறி போடுகிறார்கள். அந்தக் குறி இருந்தால் மாமிசம், மீன் மட்டும் இல்லை, முட்டை, பால், தேன்கூடக் கிடையாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் பூங்காக்களில் ஒன்றான அனிமல் கிங்டமில் சட்டூலி கேன்டீன் என்று ஒன்று இருக்கிறது. சோறு, காய்கறி, டோஃபு என்கிற சோயா பனீர் என்று நாமே சேர்த்து வாங்கும் கிண்ணம் அங்கே கிடைக்கும். காரம் நம் நாக்குக்குப் பத்தாது, ஊறுகாய்ப் பொட்டலம் கையில் இருந்தால் சமாளிக்கலாம். எப்காட் பூங்காவில் 11 நாடுகளுக்கு அரங்கு வைத்திருக்கிறார்கள், இந்தியா அதில் இல்லை. அங்கே போய்த் தோசை தேடி அலையாதீர்கள். வறுவல் வகை வாங்கும்போது மட்டும் எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறார்கள் என்று கேட்டுக் கொள்ளச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு நிஜமாகவே பிடிக்கக்கூடிய இடம் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டலில் உள்ள சனா. ஆப்பிரிக்கச் சமையலில் நம்மூர் மசாலா கலந்த உணவகம். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். ஓட்டலுக்குள் இருப்பதால் பூங்கா டிக்கெட்டும் வேண்டாம். குல்ச்சா, நாண் மாதிரியான ரொட்டிகளோடு விதவிதமான சட்னியும் ஊறுகாயும் வைத்துத் தருவதுதான் அங்கே பேர்போனது. வேடிக்கை என்னவென்றால், அது முதன்மைத் தட்டு வரிசையில் இல்லை, அதற்கு முன்னால் கொறிக்கத் தரும் பண்டங்களின் வரிசையில் வருகிறது. மேஜைத் திட்டத்தில் சேர்வது முதன்மைத் தட்டு, இனிப்பு, பானம் மூன்றும்தான். லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, அம்மா ஆசைப்படும் ஒன்றுக்குத் தனியாகப் பணம் எடுக்க வேண்டி வரலாம். கையில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வம்பே இல்லை. ரொட்டியை மட்டும் வாங்கி எல்லோரும் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வரலாம்.

மேஜைத் திட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. 5 ராத்திரி என்றால் 5 தடவை எங்காவது நேரம் குறித்து உட்கார வேண்டும். இடம் 60 நாளுக்கு முன்பே பிடிக்க வேண்டும். அன்றைக்கு உங்களுக்கு அசதி, அறைக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தாலும் விடமுடியாது. 2 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்யாவிட்டால் ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள். டிப்ஸும் திட்டத்தில் சேராது. 6 பேர் அல்லது அதற்கு மேல் ஒரே மேஜையில் என்றால் 18 சதவீதம் அவர்களே பில்லில் போட்டுவிடுவார்கள், பேத்தியோடு சேர்த்து நீங்கள் சரியாக 6 பேர்! ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்தவர் முன்னால் தினமும் ஒரு பில் வரும். மகன் எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதுவே திரும்ப வந்து நிற்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம். பேரனுக்கு 7 வயது. மிக்கி மவுஸ் மேஜைக்கு மேஜை வந்து கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக் கொள்ளும் பஃபே இருக்கிறது. டிஸ்னியின் கன்டெம்பரரி ஓட்டலில் உள்ள ஷெஃப் மிக்கீஸ் அதில் பிரபலம். காலைச் சாப்பாடு பெரியவர்களுக்கு 55 டாலர் பக்கம், பிள்ளைகளுக்கு 35 பக்கம் வரும். வரியும் டிப்ஸும் சேர்த்து உங்கள் எல்லோருக்கும் 320 டாலர் சொல்லலாம். விலை கொள்ளைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் திட்டம் வேண்டாம் என்றதால் மிஞ்சிய 240 டாலர் இருக்கிறது, அன்று காலையும் மத்தியானமும் அதிலேயே முடிந்துவிடும், ஆகவே கையைக் கடிக்காது. அந்த ஒரு வேளைக்கு மட்டும் பலகையைப் பார்க்காமல் உட்காருங்கள், மாஷே. கோட்டைக்குள்ளே சிண்டரெல்லாவோடு சாப்பிடும் இடம் இன்னும் விலை, மேஜைத் திட்டத்தில்கூட அதற்கு இரண்டு வேளைக் கணக்கு போய்விடும். பெண் குழந்தை வளர்ந்து கேட்கும்போது பார்த்துக் கொள்ளலாம்.

இனி, மகன் கவலைக்கு மருந்து. டிஸ்னி கிஃப்ட் கார்டு என்று கிடைக்கிறது. வேண்டிய பணத்தை அதில் ஏற்றிக் கொள்ளலாம். பூங்காவில் சாப்பாட்டுக்கும் பொம்மைக்கும் அதில் கொடுக்கலாம், காலாவதி தேதி கிடையாது. மகனிடம் சொல்லி உங்கள் இரண்டு பேர் பேரிலும் ஆளுக்கு 150 டாலர் ஏற்றிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பணம் கட்டியாகிவிட்டது, இனி நீங்கள் சாப்பிடாமல் இருந்து யாருக்கும் எதுவும் மிச்சம் பிடித்துக் கொடுக்கப் போவதில்லை. திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கிளம்பும் நாள் நடுராத்திரியில் இது சாகாது. மிச்சம் இருந்தால் பேரன் அடுத்த தடவை போகும்போது செலவழிப்பான். முன்கூட்டிக் கட்டிய நிம்மதி வேண்டும் என்றால் அதை இப்படி வாங்குவது புத்திசாலித்தனம்.

காலைப் பலகாரத்துக்கு வருகிறேன். டிஸ்னி பூங்காவுக்குள் நம் சாப்பாட்டைக் கொண்டு போகலாம், தடை இல்லை. கண்ணாடிப் பாட்டில், மது இரண்டும் கூடாது, அங்கே போய்ச் சூடாக்க வேண்டிய பண்டமாகவும் இருக்கக் கூடாது. கவுண்டர்களில் ஐஸ் போட்ட குடிதண்ணீர் ஒரு கோப்பை இலவசமாகவே தருவார்கள், கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அட்லாண்டாவிலிருந்து காரில்தான் போவீர்கள் என்று நினைக்கிறேன். மருமகள் முந்தின நாள் சப்பாத்தி போட்டு, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா எடுத்து வைத்தால் இரண்டு நாள் ஓடும். மீதி நாளுக்குப் பிரெட், பழம், அவல், தயிர். அறையில் சிறிய குளிர்பெட்டி இருக்கும். மின்சார அடுப்பெல்லாம் தூக்கிக் கொண்டு போகாதீர்கள், புகை எச்சரிக்கை மணி அடித்து ஓட்டலையே எழுப்பிவிடும். நீங்கள் பையில் நாலு பிஸ்கெட்டும் ஒரு சின்னக் குளுக்கோஸ் பொட்டலமும் எப்போதும் வைத்திருங்கள். வரிசையில் நிற்கும்போது சர்க்கரை இறங்கினால் கவுண்டரைத் தேடிக் கொண்டிருக்க முடியாது.

ஊரிலிருந்து எடுத்துப் போவதில் ஒரு எச்சரிக்கை. நேந்திரங்காய் சிப்ஸ், சர்க்கரை உப்பேரி, ஊறுகாய் தாராளமாக எடுத்துப் போகலாம், அமெரிக்காவில் இறங்கியதும் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாலக்காட்டு மட்டை அரிசி மட்டும் வேண்டாம். தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டு வந்துவிடும் என்ற பயத்தில் இந்தியாவிலிருந்து பயணிகள் கொண்டுவரும் அரிசியை அங்கே விடுவதில்லை. கறிவேப்பிலையும் அப்படியே. மகனுக்கு ஆசையாகக் கட்டிக் கொண்டுபோன அரிசி மூட்டையை விமான நிலையத்தில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்த அம்மாக்கள் நிறையப் பேர்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்கூட்டிக் கட்டும் சாப்பாடு எல்லா இடத்திலும் வீண் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டு ரிசார்ட்டில் கேட்டால் என் பதில் பல சமயம் வேறு. இங்கே ஓட்டல்காரர்கள் பேசும் கணக்கு இப்படி: இ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலைப் பலகாரத்தோடு, எம்.ஏ.பி. என்றால் காலையும் இன்னொரு வேளையும், ஏ.பி. என்றால் மூன்று வேளையும். ஐதராபாத் ராமோஜி பிலிம் சிட்டிக்குள் ராத்திரி தங்குகிறீர்கள் என்றால் எம்.ஏ.பி. எடுங்கள். ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிற இடம், ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு வெளியே வந்து சாப்பாடு தேட முடியாது. பகலில் சுற்றிப் பார்க்கும்போது கிடைத்த இடத்தில் சாப்பிடுவதால் மூன்று வேளைத் திட்டம் வேண்டாம். மாறாக, பெங்களூரு வொண்டர்லா ரிசார்ட்டில் தங்கினால் காலைப் பலகாரத்தோடு நிறுத்திக் கொள்ளலாம். மைசூர் ரோட்டில் பிடதி பக்கத்திலேயே இருக்கிறது. தட்டு இட்லிக்குப் பேர்போன ஊரில் ரிசார்ட் பஃபே வரிசையில் நிற்பதாவது!

வரியையும் பார்க்க வேண்டும். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஓட்டலில் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சாதாரண உணவகத்தில் 5 சதவீதம்தான். ஏஜென்ட் சொல்லும் திட்ட விலை வரியோடா, வரி இல்லாமலா என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் இந்த ஒரு விவரத்தைச் சன்ன எழுத்தில் போடுகிறவர்கள் நிறைய. பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒன்று இருந்தால் அது கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் போட்ட உத்தரவு அது, டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் சரி என்று சொல்லிவிட்டது.

உங்கள் விஷயத்துக்கே திரும்புகிறேன். இவ்வளவு சொன்ன பிறகும் மகன் தனக்கும் மருமகளுக்கும் திட்டம் வேண்டும், பேரன் இலவசத்தை விட மனமில்லை என்றால், ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான சாதாரண அறைகளில் 4 பேருக்கு மேல் விடமாட்டார்கள், உங்களுக்கு எப்படியும் இரண்டு அறையோ, 6 பேர் தங்கும் பெரிய அறையோ தேவைப்படும். இரண்டு அறையாக எடுத்து, நீங்களும் அம்மாவும் இருக்கும் அறையைத் தனிப் பதிவாகப் போடச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே திட்டம் என்ற விதி ஒரு பதிவுக்குள்தான். அடுத்தடுத்த அறை வேண்டும் என்று இரண்டு பதிவையும் இணைத்துக் கேட்டுக் கொள்ளலாம், உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் முயற்சி செய்வார்கள். ஆனால் ஒன்று, நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடப் போகிறீர்கள். ஒரே மேஜையில் பாதிப் பேருக்குத் திட்டம், பாதிப் பேருக்குக் காசு என்று உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரமெல்லாம் கணக்கு நேரமாகிவிடும். அதனால் எனக்கு அது இரண்டாம் பட்சம்தான்.

மகன் ஏற்கெனவே திட்டத்தோடு பதிவு செய்துவிட்டார் என்றாலும் பதறாதீர்கள். இந்தப் பேக்கேஜுக்கு முழுப் பணமும் கட்ட வேண்டியது போய்ச் சேரும் நாளுக்கு 30 நாள் முன்னால். அதுவரை திட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு அறையையும் டிக்கெட்டையும் அப்படியே வைத்துக் கொள்ளலாம். எடுத்துவிடச் சொல்லும்போது மொத்த விலையில் வேறு எதாவது சலுகை கழன்று போகிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஜூன் முதல் வாரம் என்றால் மே தொடக்கத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிக்கி பஃபேக்கு இடம் பிடிப்பது அதற்கும் ஒரு மாதம் முன்னால், ஏப்ரலிலேயே. அதை மகன் மறந்துவிடாமல் இன்றைக்கே தேதி குறித்து வைக்கச் சொல்லுங்கள்.